ரசீதில் நாலு கிரே, கூண்டிலும் நாலு கிரே. ஆனால் அதே நாலா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். ஆனேக்கல் தாலூகாவில் அரை ஏக்கரில் ஒன்பது வருடமாக வெளிநாட்டுப் பறவைகள் வளர்க்கிறேன். ஆப்பிரிக்கன் கிரே கிளி 2 ஜோடி, சன் கான்யூர் கிளி 6 ஜோடி, லவ்பேர்ட்ஸ் 60க்கு மேல், கொஞ்சம் காக்டெயில் கிளி இருக்கின்றன. 2020 டிசம்பரில் கிரே நான்கையும் கான்யூர்களையும் ஆன்லைனில் அறிவித்து ரசீது வாங்கினேன். 2022இல் ஒரு பெண் கிரே இறந்துபோனது. வேறொன்றை வாங்கி ஜோடி சேர்த்தேன். 2024இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் அதே நாலு கிரே என்று பதிவுக்குக் கொடுத்தேன். விவரம் போதாது என்று திரும்பி வந்தது. பதில் போட்டும் இன்றுவரை சத்தமில்லை. இதற்கிடையில் பழைய ஜோடி மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது, இன்றோடு 11 நாள். போன வாரம் வனத்துறையினர் வந்து எண்ணி, நேரில் கண்டதை மகஜராக எழுதினார்கள். லவ்பேர்ட்ஸ் உட்பட எதையும் விற்கக் கூடாது என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். பழைய தேதியில் பில் போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது? புதுப் பெண் கிரே தோல்முட்டை (ஓடு கெட்டியாகாத முட்டை) இடுகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ஏஜென்ட் தரும் பில்லை வாங்காதீர்கள். இன்றைக்கு உங்கள் மேல் இருப்பது ஒரு தப்பான கணக்கு. அதைத் திருத்த வழி இருக்கிறது. பழைய தேதி பில்லைச் சேர்த்துவிட்டால் அது போலி ஆவணம். அது வேறு வழக்கு, வனத்துறையோடு நிற்காது.

அடுத்தது குஞ்சுகளின் காலில் போடும் அடையாள ரிங். இது ஆறப்போடக் கூடாத வேலை என்பதால் கடிதம் வந்த அன்றே போனில் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். மூட்டு இல்லாத முழு வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போதுதான் போட முடியும். கிரே குஞ்சுக்குப் பெரும்பாலும் மூன்றாவது வாரம், கண் திறக்கும் சமயம் சரியாக இருக்கும். கிளிக் காலில் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. முன் விரல் இரண்டையும் பின்னாலுள்ள நீள விரலையும் ஒன்றாகக் குவித்து வளையத்துக்குள் நுழைத்து, பாதத்தைத் தாண்டித் தள்ளுங்கள். காலோடு மடிந்து உள்ளே நிற்கும் சின்ன விரலை ஒரு பல்குச்சியால் மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள். துளி எண்ணெய் போதும். முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் பாருங்கள். வளையம் கழன்று விழுந்திருந்தால் சீக்கிரம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், மறுபடி போடலாம். தாமதமானால் மறுபடி என்பதே இல்லை. ஹொசகோட்டே பக்கம் ஒருவருக்கு "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நானே சொல்லி, அவர் சோப்பு போட்டுத் திணித்து, குஞ்சின் கால் வீங்கி, கடைசியில் வளையத்தை வெட்டி எடுத்தோம். குஞ்சு பிழைத்தது. ஆனால் அது பண்ணையில்தான் பிறந்தது என்பதற்கு அவர் கையில் ஒன்றும் இல்லாமல் போனது.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வெகுகாலம் நம் நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றித்தான் பேசியது. வெளிநாட்டுப் பறவை வளர்ப்பவர்கள் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. 2022இல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியல் அப்படியே நான்காம் அட்டவணையாக உள்ளே வந்துவிட்டது. அதன்பின் 2024 பிப்ரவரி 28இல் வந்த விதிகள், கையில் இருக்கும் பறவையை ஆறு மாதத்துக்குள் பரிவேஷில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு வாங்கினால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்றன. பிறப்பு, இறப்பு, கைமாறுவது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். 2020இல் நீங்கள் வாங்கிய ரசீது அன்றைய தன்னார்வ அறிவிப்புத் திட்டத்தின் கீழ் கிடைத்தது. அன்று கூண்டில் இருந்த பறவை எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம் என்பதற்கான ரசீது அது. பின்னால் வாங்கிய பறவையை அது காப்பாற்றாது.

உங்கள் சிக்கலே இதுதான். ரசீதில் நாலு, கூண்டிலும் நாலு, கணக்கு சரி என்று நினைத்துவிட்டீர்கள். எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது, பறவை ஒன்றல்ல. 2020இல் ஏற்றிய போட்டோவில் உள்ள ரிங் எண்ணையும் இன்று அந்தக் காலில் உள்ள எண்ணையும் ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பம் திரும்பி வந்ததும் இதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்களே எழுதிக் கொடுங்கள்: இன்ன தேதியில் ஒரு பெண் கிரே இறந்தது, இன்ன மாதம் இன்னாரிடம் இன்னொன்று வாங்கினேன், அன்று இந்த விதி இல்லை, 2024 பதிவில் தவறாகப் பழைய எண்ணிக்கையையே கொடுத்துவிட்டேன் என்று. பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, விற்றவரோடு பேசிய வாட்ஸ்ஆப், அப்போது எடுத்த போட்டோ, டாக்டர் சீட்டு எது இருந்தாலும் இணையுங்கள். இது உங்கள் கைப்பட எழுதும் ஒப்புதல் மாதிரி ஆகிவிடும். அதனால் கையெழுத்து போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். இந்தச் சட்டத்தை மீறினால் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளையாட்டில்லை.

நல்ல காலம், பொரித்தது பழைய ஜோடி. தாய், தகப்பன் இரண்டுமே 2020 ரசீதில் இருப்பவை. குஞ்சுகளின் வரலாறு சுத்தம். அதை நிரூபிக்க டி.என்.ஏ. எடுங்கள், ஆனால் கவனமாகக் கேட்டு எடுங்கள். நம் ஆட்கள் டி.என்.ஏ. சான்று என்று நீட்டுவதில் பெரும்பாலானவை ஆணா பெண்ணா என்று சொல்லும் சான்றுதான். கிரேயில் வெளியே பார்த்து அது தெரியாது என்பதால் எல்லோரும் எடுக்கிறார்கள். பெற்றோர் யார் என்று அது சொல்லாது. தாய், தகப்பன், குஞ்சு மூன்றின் மாதிரியையும் ஒன்றாக அனுப்பி, பெற்றோர் பரிசோதனை செய்து தர முடியுமா என்று லேபில் முன்கூட்டியே கேளுங்கள்.

குஞ்சுகளின் பிறப்பை உடனே தளத்தில் ஏற்றிவிடுங்கள். பழைய விண்ணப்பம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்ற முடியாமல் தளம் தடுத்தால் அந்தத் திரையைப் படமெடுத்துக் கடிதத்தோடு கொடுங்கள். ஆப்பிரிக்கன் கிரே 2017 ஜனவரி முதல் சைட்டிஸின் முதல் பின்னிணைப்பில், அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அந்தப் பின்னிணைப்பில் உள்ளதை வைத்திருக்க ஒரு பதிவு, இனப்பெருக்கம் செய்ய 49என் பிரிவின் கீழ் தனி உரிமம். பதிவு இருந்தால் குஞ்சு எடுக்கலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உரிமத்துக்குத் தலைமை வனவிலங்கு காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகம் மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸ், அரண்ய பவனில். அது கைக்கு வரும்வரை மூன்று குஞ்சில் ஒன்றைக்கூட வெளியே கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லவ்பேர்ட்ஸ் விற்பனையை நிறுத்தியதில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. 1981இல் கிளி இனம் மொத்தத்தையும் சைட்டிஸ் எடுத்துக்கொண்டபோதே பட்ஜி என்ற சின்னக் கிளியையும் காக்டெயிலையும் விட்டுவிட்டார்கள். 2004 மாநாட்டில் பீச் ஃபேஸ் லவ்பேர்டையும் நீக்கினார்கள். பிஷர், மாஸ்க்டு லவ்பேர்ட் வகைகள் எல்லாம் இன்னும் இரண்டாம் பின்னிணைப்பில்தான். உங்கள் சன் கான்யூரும் அங்கேதான் இருக்கிறது. மகஜரில் "லவ்பேர்ட்ஸ் 60க்கு மேல்" என்று ஒரே வரியாக எழுதியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணைப் பாருங்கள். கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவினாற்போல் தடித்த வெள்ளை வளையம் இருந்தால் அது பிஷர், மாஸ்க்டு வகையறா. வளையம் இல்லாமல் இறகு கண் ஓரம் வரை வந்திருந்தால் பீச் ஃபேஸ். அரைகுறையாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் கலப்பு. அதைப் பட்டியலில் உள்ள பெற்றோரின் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், வாதாட வேண்டாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மியூட்டேஷன், அதாவது வளர்ப்பில் வரும் நிற மாற்றம், வந்தபிறகு நிறம் எதையும் சொல்வதில்லை. பிரித்து, கூண்டுக்கு எண் போட்டு, போட்டோவோடு பட்டியல் எடுத்து, "இவை நான்காம் அட்டவணையில் இல்லை, விற்கத் தடை உண்டென்றால் எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். கடை வைத்து விற்பதானால் 2018 செல்லப்பிராணிக் கடை விதிப்படி மாநில விலங்கு நல வாரியப் பதிவு வேண்டும், அது தனி.

கடிதத்தைக் கன்னடத்தில் எழுதுங்கள், ஆங்கில நகல் ஒன்று கூட வைத்துக்கொள்ளுங்கள். நாம் இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் படிக்கவில்லை என்று குறை சொல்கிறோம். நேரில் கொடுத்தால் இன்வர்ட் முத்திரையோடு ஸ்வீக்ருதி, அதாவது ஒப்புகை, வாங்காமல் திரும்பாதீர்கள். மகஜர் நகலையும் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பம் அப்படியே கிடந்தால் ஒரு நினைவூட்டல், அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் மனு. ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. என் கோப்பு எந்தத் தேதியில் யார் மேஜைக்குப் போனது, அதில் எழுதிய குறிப்புகளின் நகல் தாருங்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மறுபடி ஆய்வுக்கு வந்தால் கோபப்படாதீர்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கான்யூர் எது, லவ்பேர்ட் எது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வாசலில் தனிச் செருப்பும் கிருமிநாசினித் தொட்டியும் வையுங்கள், நேற்று வேறு பண்ணைக்குப் போய் வந்திருக்கலாம். அடைகாக்கும் பெட்டியைத் திறக்கச் சொன்னால் உள்ளே வைத்த கேமராவைக் காட்டுங்கள். கிரே 28 முதல் 30 நாள் அடைகாக்கும். நடுவில் கலைத்தால் முட்டையை விட்டுவிடும் என்று பொரிக்கும் தேதியோடு எழுதியே கொடுக்கலாம். எந்தப் பறவையையும் இடம் மாற்றாதீர்கள். ஏதாவது இறந்தால் புதைக்க வேண்டாம். உடலை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் திசு கெட்டுவிடும். அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். 2022இல் இறந்த பறவைக்கு அந்த ஒரு தாள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: கடைசிக் கூண்டில் யாரோ கொடுத்த பச்சைக்கிளி ஒன்று இருக்கிறதா? நான் போன பண்ணைகளில் பாதியில் இருந்தது. அது நம் நாட்டுப் பறவை, இரண்டாம் அட்டவணை. அதை வீட்டில் வளர்க்கப் பதிவும் கிடையாது, உரிமமும் கிடையாது. ராத்திரியோடு ராத்திரியாகப் பறக்கவும் விடாதீர்கள், கூண்டில் வளர்ந்தது வெளியே பிழைக்காது. வனத்துறையிடம் கடிதத்தோடு ஒப்படைத்துவிடுங்கள்.

தோல்முட்டைக்கு வருகிறேன். கிரேக்கு மற்ற கிளிகளைவிடச் சீக்கிரம் கால்சியம் குறையும். முற்றினால் வலிப்பு வந்து பலகையிலிருந்து விழும். சூரியகாந்தி விதையே பிரதான தீனி என்றால் முதலில் அதைக் குறையுங்கள். ஊறவைத்த பயறு, முருங்கைக்கீரை, வாரம் இரண்டு முறை வேகவைத்த முட்டை ஓட்டோடு, கூண்டில் எப்போதும் ஒரு கணவாய் ஓடு. காலை வெயில் நேரடியாக உடம்பில் பட வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வேண்டிய கதிர் வராது. சொட்டு மருந்து அளவை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து முக்கினால் முட்டை அடைத்திருக்கிறது. வயிற்றை அழுத்தாதீர்கள், கதகதப்பாக வைத்து உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது கிடக்கும் முட்டைகளை உடனே எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் ஈடு செய்ய மறுபடி இடும், உடம்பு இன்னும் வற்றும். அதுவாகச் சலித்துப் பெட்டியை விட்டு வெளியே வரட்டும். வந்த அன்றே அந்தப் பெட்டியைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுவிடுங்கள். கால்சியம் ஏறும்வரை அதற்கும், உரிமம் வரும்வரை உங்களுக்கும் அந்தப் பெட்டி வேண்டாம்.