செம்பு ஹீட் சிங்க்குக்கு இரட்டை விலை கொடுக்கலாமா?

கேள்வி: என் மேசைக் கணினிக்கு மூன்று வயது. 65 வாட் பிராசசர். கோடையில் வீடியோ எடிட்டிங் செய்தால் 95 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்துவிடுகிறது. பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க்கை, முழுச் செம்பில் செய்ததாகப் போடச் சொல்கிறார் கடைக்காரர். விலை அலுமினியத்தைப்போல இரு மடங்கு. வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். செம்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பிராசசரின் சூடு வெளியேறும் வழியில் பெரிய நெரிசல் உலோகத்துக்குள் இல்லை. ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளிலிருந்து காற்றுக்கு மாறும் இடத்தில் இருக்கிறது. அங்கே எந்த உலோகம் என்பதைவிட, தகடுகளின் மொத்தப் பரப்பும் அவற்றினூடே ஓடும் காற்றும்தான் முக்கியம். கனத்தையும் யோசியுங்கள். ஒரே அளவில் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். நிமிர்ந்து நிற்கும் கேபினட்டில் அந்தக் கனம் முழுவதும் மதர்போர்டில் தொங்கும்.

பணத்தை எடுக்கும் முன் கணினியை அணைத்து, மின்விசிறியைக் கழற்றிப் பாருங்கள். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதைத் தூரிகையால் எடுத்துவிட்டு, ஹீட் சிங்க்கையும் கழற்றி, அதற்கும் பிராசசருக்கும் நடுவே பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வையுங்கள். எவ்வளவு வழவழப்பான இரு பரப்புகளும் சில மேடுகளில் மட்டுமே தொடும். மீதி இடமெல்லாம் காற்று. வெப்பம் கடத்தும் அளவில் அலுமினியம் 200க்கு மேல் என்றால் காற்று வெறும் 0.026. சாதாரண பேஸ்ட் 4 முதல் 8 வரை. இடுக்கில் இருக்கும் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். ஆகவே பட்டாணி அளவு போதும். அள்ளி அப்பினால் அதுவே தடையாகிவிடும்.

என் அக்காவின் கணினியில் கூலரின் (விசிறியோடு சேர்ந்த ஹீட் சிங்க்) அடியில் இருந்த பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே மாட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து நான் கழற்றியபோது படலம் சுருங்கி, பேஸ்ட் அதன்மேல் காய்ந்து கிடந்தது. கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையில் இப்படியோர் அசட்டை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடையில் மாட்டச் சொன்னால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் சூடு குறையாவிட்டால், நான்கு ஹீட் பைப்பும் அலுமினியத் தகடுகளும் 120 மில்லிமீட்டர் விசிறியும் உள்ள கூலரை வாங்குங்கள். ஹீட் பைப் என்பது காற்றை நீக்கிக் கொஞ்சம் நீர் விட்டு மூடிய செம்புக் குழாய். உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகித் தகடுகளுக்குப் போய், அங்கே குளிர்ந்து திரும்பி வரும். செம்புக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் பயன்படுகிறது. கடையிலேயே ஒரு தகட்டை நகத்தால் லேசாக அசைத்துப் பாருங்கள். குழாயை இறுகப் பிடித்திருக்க வேண்டும். அடிப்பாகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் வேண்டாம். கேபினட்டின் உள் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். இவ்வகைக் கூலர்கள் பல 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரம்.

ஒன்று மட்டும்: விசிறி வைத்த எந்த ஹீட் சிங்க்காலும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை 38 டிகிரியில் இருந்தால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். கேபினட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கடை வாசலில் இரண்டு 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட் மாட்டினேன். பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருந்தன. விலை குறைந்தது ஓராண்டில் போய்விட்டது. வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கையில் தூக்கிப் பாருங்கள். எல்இடி வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகிறது. இங்கே விசிறியும் இல்லை. பின்புறத் தகடுகள் மெலிந்திருந்தால் சூடு உள்ளேயே தங்கி, முதலில் டிரைவரை, அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றைக் கெடுக்கும். அதிலுள்ள கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழப் பாதியாகும்.

நெருக்கமாக நிறையத் தகடுகள் இருந்தால் நல்லது என்று எண்ணாதீர்கள். விசிறி இல்லாதபோது காற்று தானாக மேலேற இடைவெளி வேண்டும். 6 முதல் 10 மில்லிமீட்டர் நல்லது. விளக்கை மாட்டும்போது தகடுகள் செங்குத்தாக நிற்கட்டும். படுக்கையாக இருந்தால் சூடான காற்று அவற்றுக்கிடையே தேங்கிவிடும். பெட்டியில் ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். வாரண்டி டிரைவருக்கும் உண்டா என்று கேட்டு, மாடல் எண்ணோடு பில் வாங்குங்கள்.

கேள்வி: மதர்போர்டிலேயே செருகும் சிறிய சேமிப்பகமான எம்.2 எஸ்எஸ்டிக்குத் தனி ஹீட் சிங்க் அவசியமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மதர்போர்டிலேயே அதற்கான உலோக மூடி இருந்தால் வேண்டாம். இல்லையென்றால், பெரிய கோப்புகளை நெடுநேரம் நகலெடுக்கும் வேலை உள்ளவர்களுக்கு மட்டும் போதும். எஸ்எஸ்டிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே வைக்கும் ஒட்டும் பட்டையின் இருபுறப் படலத்தையும் உரித்துவிடுங்கள். எஸ்எஸ்டியின் மேலுள்ள லேபிளைக் கிழிக்காதீர்கள், வாரண்டி போய்விடக்கூடும்.