புகை வந்ததும் போர் கிட் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் சில வாரங்களாக வெள்ளைப் புகையாகக் கக்குகிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகும் குறையவில்லை. பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மூன்றும் சேர்ந்து வரும் போர் கிட்டை வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

பதில்: ஆர்டர் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே ஆயில் தேங்கி நிற்கும். ரிங் தேய்ந்தால் அது மேலேறி எரிந்து புகையாகும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருப்பது காற்றும் பெட்ரோலும், கூடவே வரும் கொஞ்சம் ஆயிலும்தான். அதனால் இங்கே ரிங் தேய்ந்தால் முதலில் தெரிவது புகை அல்ல. இழுவை குறையும், கிக்கர் லேசாக இறங்கும், ஸ்டார்ட் செய்வதற்குள் கால் வலித்துவிடும். இழுவை அப்படியே இருந்து புகை மட்டும் கூடியிருந்தால், பார்க்க வேண்டிய இடம் வேறு.

என் முதல் சந்தேகம் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம். பிஸ்டன் மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சல் உண்டாகிறது. சீலின் உதடு வயதாகிக் கெட்டிப்பட்டிருந்தால், அந்த உறிஞ்சலில் கியர் ஆயிலே உள்ளே போய் எரியும். சோதிப்பது சுலபம். கியர் ஆயிலைச் சரியான அளவுக்கு ஊற்றி, ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை ஓட்டுங்கள். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் அளவு மட்டும் இறங்கியிருந்தால், சீல்தான். அளவு இறங்கவில்லையா? ஆயில் பம்பின் கேபிளைப் பாருங்கள். பம்பில் இருக்கும் குறிகள் கம்பெனி சொன்னபடி நேராக நிற்க வேண்டும். கேபிள் அதிகம் இழுபட்டிருந்தால் ஆயில் தேவைக்கு மேல் இறங்கும்.

சில என்ஜின்களில் கிளட்சைக் கழற்றினாலே இந்த சீலை எடுத்துவிடலாம். வேறு சிலவற்றில் சீலின் விளிம்பு கேஸின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். என்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் வராது. உங்கள் மாடலின் பாகப் படத்தில் இதைப் பார்த்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். எது எப்படியோ, சீல் வாங்க ஆகும் செலவு கிட் செலவில் ஒரு சிறு பங்குதான்.

கேள்வி: என் வண்டிக்கு உண்மையாகவே ரிங் போய்விட்டது. இணையத்தில் ஒரே பிஸ்டன் செட் பல விலையில் இருக்கிறது. எதை நம்பி வாங்குவது?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரை அளந்தாக வேண்டும். போரை, அதாவது சிலிண்டரின் உள் துளையை, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். போர் வட்டமாக, எல்லா இடத்திலும் ஒரே அளவாக, கம்பெனி எல்லைக்குள் இருந்தால் ரிங் மட்டும் போதும். முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டால் புது ரிங் போட்டும் பயனில்லை. அடுத்த ஓவர்சைஸுக்கு, அதாவது சற்றுப் பெரிய பிஸ்டன் அளவுக்கு, துளையைக் கடைந்து போர் போட வேண்டும். இது வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஏறும். பிஸ்டன் முதலில் கைக்கு வர வேண்டும். அதை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் பட்டறையில் போர் போட வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை விடுகிறார்கள். உள்ளே முலாம் பூசிய அலுமினிய சிலிண்டர் என்றால் இந்த வழி செல்லாது. அதைச் சாதாரணமாகப் போர் போட்டால் முலாம் போய்விடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். போர் போட்டதும், சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளான போர்ட் வாய்களின் ஓரம் கத்தி முனைபோல் நிற்கும். அதை மழுக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வேலையே பார்த்துப் பழகிய பட்டறையில் இதை விட்டுவிடுவது உண்டு, ஏனென்றால் அந்த சிலிண்டர் சுவரில் போர்ட்டே கிடையாது. மழுக்காமல் பூட்டினால் ரிங் அந்த ஓரத்தில் மாட்டி உடையும். சிலிண்டரை வாங்கும்போது போர்ட் ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கீறினால் திருப்பிக் கொடுங்கள்.

செட் வந்ததும் ரிங்கைத் தனியாக போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 50 மி.மீ. போருக்கு 0.2 மி.மீ. சுமாரான கணக்கு, உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. இடைவெளியே இல்லாத ரிங், சூட்டில் விரிந்து போரைக் கிழிக்கும். பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தில் இருக்கும் சிறு முள் அசையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் இருக்க வேண்டும். பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் எப்போதும் புதிது. பழையதைத் திரும்பப் போடவே கூடாது. அதைப் பூட்டும்போது கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், தெறித்தால் உள்ளே விழாது. சிலிண்டரை இறக்கும்போது நேராக இறக்குங்கள், திருகாதீர்கள். திருகினால் ரிங் முனை போர்ட்டுக்குள் எட்டிப்பார்த்து முறியும்.

கேள்வி: 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: நல்லதில்லை. ஆயில் கூடிய அளவுக்கு, கார்புரேட்டரின் சிறு துளையான ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. கலவை மெலிந்து என்ஜின் சூடாகும், பிளக்கும் சைலன்சரும் கரி பிடிக்கும். கையால் கலப்பவர்கள் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். 4 லிட்டர் பெட்ரோலுக்கு 25:1 என்றால் 160 மி.லி., 40:1 என்றால் 100 மி.லி. எந்த விகிதம் என்பதை வண்டியின் மேனுவல் சொல்லும். வாங்கும்போது டப்பாவின் பின்புறம் ஜாசோ (ஜப்பானிய தர அமைப்பு) எஃப்சி அல்லது எஃப்டி தரம் இருக்கிறதா பாருங்கள். இவை புகையும் கரியும் குறைந்தவை. டிசி-டபிள்யூ3 என்று மட்டும் போட்டிருந்தால் அது தண்ணீரால் குளிரும் படகு என்ஜினுக்கானது. காற்றில் குளிரும் பைக்குக்கு வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள்.

கேள்வி: ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு) உள்ள வண்டி. ஸ்லோ ஸ்பீடு தானாக ஏறி நிற்கிறது, ரேஸ் விட்டாலும் உடனே இறங்குவதில்லை. கார்புரேட்டர் கழுவியும் தீரவில்லை. புது கார்புரேட்டர் வாங்கலாமா?

பதில்: எங்கோ காற்று புகுகிறது. புது கார்புரேட்டர் அதை அடைக்காது. காரணம் தெரியும்வரை வேகமாக ஓட்டாதீர்கள். கலவை மெலிந்து ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், சில நேரம் ஓட்டையும் விழும். பிளக் மூக்கு வெளிறி வெள்ளையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கைப் பம்பும் மீட்டரும் போதும். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, சைலன்சர் வாயை ரப்பரும் தகடும் வைத்து இறுக்கமாக மூடுங்கள். பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கார்புரேட்டர் இருந்த வாயில் குழாய் செருகிய ரப்பர் அடைப்பை வைத்து, மீட்டர் 300 காட்டும்வரை மெதுவாகக் காற்றடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சீல் கழன்றுவிடும். சில நிமிடங்கள் முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் ஹெட், சிலிண்டர் அடி, இன்டேக் ரப்பர், மேக்னெட்டுக்கு (கிராங்க் முனையில் மின்சாரம் தரும் சக்கரம்) பின்னால் இருக்கும் சீல் என்று ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் விடும் இடத்தில்தான் ஓட்டை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் வெடித்த இன்டேக் ரப்பர், இல்லையென்றால் மேக்னெட் பக்கத்து சீல். எங்கும் குமிழ் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் கிளட்ச் பக்கத்து சீலைப் பாருங்கள். அதன் காற்று கியர் பெட்டிக்குள் போவதால் வெளியே தெரியாது.

கேள்வி: கிராங்க் வேலையையும் வீட்டில் செய்யலாமா? கருவிகள் வாங்கத் தயார்.

பதில்: பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேல்கீழாக ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் கிராங்கைப் பட்டறைக்குக் கொடுங்கள். அதைப் பிரஸ்ஸில் பிரித்து, திரும்பச் சேர்த்து, டயல் கேஜ் (சிறு கோணலையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்து நேராக்க வேண்டும். சுத்தியலால் நடக்கிற காரியம் அல்ல. கொடுக்கும்போதே பழைய ராடையும் பேரிங்கையும் திருப்பித் தரச் சொல்லுங்கள், நேராக்கிய பின் டயல் கேஜ் காட்டிய அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். கருவி வாங்குவதானால் ஃபீலர் கேஜ், அளவான விசையில் முடுக்கும் டார்க் ரென்ச், மேக்னெட்டைக் கழற்ற உங்கள் மாடலின் மரைக்குப் பொருந்தும் மேக்னெட் புல்லர் ஆகிய மூன்றும் இப்போதைக்குப் போதும்.