படத்தின் ஒலியை மிக்ஸ் செய்யும்போது எல்லா டிராக்கையும் நேரடியாக மாஸ்டருக்கு (எல்லா ஒலியும் கடைசியில் சேரும் சேனல்) அனுப்பினால் போதாதா, சப்மிக்ஸ் (ஒரே வகை டிராக்குகளை முதலில் ஒன்றுசேர்க்கும் இடைச் சேனல்) எதற்கு?

மூன்று நான்கு டிராக்தான் என்றால் தாராளமாக மாஸ்டருக்கே அனுப்புங்கள். ஆனால் வசனத்துக்கே எட்டு டிராக், மேலே இசையும் சத்தங்களும் என்று ஆகிவிட்டால் சப்மிக்ஸ் அவசியம் வேண்டும். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று மூன்று போட்டு, எல்லா டிராக்கின் அவுட்புட்டையும் அதனதன் சப்மிக்ஸுக்கு மாற்றி, அந்த மூன்றை மட்டும் மாஸ்டருக்கு விடுங்கள்.

எட்டு வசன டிராக்கின் ஃபேடரையும் (ஒலியின் அளவை ஏற்றி இறக்கும் பட்டை) செலக்ட் செய்து ஒன்றாக இறக்கினால் அதே பலன்தானே என்று பலர் கேட்பார்கள். கம்ப்ரஸர் (உரத்த இடங்களை அமுக்கும் கருவி) இல்லாதவரை அதே பலன்தான். வசன சப்மிக்ஸில் ஒரு கம்ப்ரஸர் போட்டுப் பாருங்கள், டிராக் ஃபேடர்களை 3 டெசிபல் இறக்கினால் கம்ப்ரஸருக்குள் போகும் அளவே குறைகிறது, அது அமுக்குவதும் குறைகிறது, கடைசியில் வெளியே வருவது 3 டெசிபல் குறைவதில்லை, குரலின் தன்மையும் லேசாக மாறிவிடுகிறது. சப்மிக்ஸின் ஃபேடர் பெரும்பாலான மென்பொருள்களில் கம்ப்ரஸருக்குப் பிறகுதான் வரும், அதனால் அதை 3 இறக்கினால் சரியாக 3 இறங்கும், குரல் அப்படியே இருக்கும். எனக்கு சப்மிக்ஸின் அருமையே இதில்தான்.

அப்புறம் ரிவெர்ப், அதாவது அறைக்குள் கேட்பது போன்ற எதிரொலி. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். வசன டிராக்கிலிருந்து சென்ட் (ஒலியின் ஒரு பிரதி) எடுத்து ரிவெர்ப் டிராக்குக்கு அனுப்பி, அந்த ரிவெர்பை மாஸ்டருக்கு விட்டிருப்பீர்கள், நிறைய பேர் அப்படித்தான் விடுகிறார்கள். இப்போது வசன சப்மிக்ஸை இறக்கினால் குரல் இறங்கும், ரிவெர்ப் பழைய அளவிலேயே நிற்கும், பேசுகிறவர் திடீரென்று கிணற்றுக்குள் போனது போலக் கேட்கும். வசனத்தின் ரிவெர்பை வசன சப்மிக்ஸுக்குள்ளேயே விடுங்கள், இசைக்குத் தனி ரிவெர்ப் வையுங்கள்.

ரூட்டிங் (எந்த ஒலி எங்கே போகிறது என்பது) சரியா என்று பார்க்க, வசன சப்மிக்ஸை மியூட் செய்து முழுவதையும் ஓடவிட்டுக் கேளுங்கள். எங்காவது குரல் கேட்டால் ஏதோ ஒரு டிராக் மாஸ்டருக்கும் நேராகப் போகிறது என்று அர்த்தம். ஒரே சிக்னல் இரண்டு வழியில் அதே அளவில் வந்து சேர்ந்தால் 6 டெசிபல் ஏறிவிடும், ஒரு வழி கொஞ்சம் தாமதமாக வந்தால் குரல் குழாய்க்குள் பேசுவது போல ஆகிவிடும்.

வேறு மொழியில் டப்பிங் செய்யக் கேட்டால், வசனத்தை மியூட் செய்து இசையையும் எஃபெக்ட்ஸையும் மட்டும் எக்ஸ்போர்ட் செய்துவிடலாம். அப்போது மாஸ்டரில் லிமிட்டர் (ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) இருந்தால் அணைத்துவிடுங்கள். முழு மிக்ஸில் வசனம் உரக்க வரும் இடங்களில் அந்த லிமிட்டர் இசையையும் சேர்த்து அமுக்கியிருக்கும். தனியாக எடுக்கும்போது அந்த அமுக்கம் இருக்காது, பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் பழைய மிக்ஸ் வராது. லிமிட்டர் கட்டாயம் வேண்டும் என்றால், டப்பிங் செய்பவர்கள் தங்கள் குரலையும் சேர்த்த பிறகு கடைசியாகப் போட்டுக்கொள்ளட்டும்.