வேற்றுக்கிரக ஆஸ்பத்திரியில் விசாரணை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலூர்க் கரைக்கு அப்பால் வேற்றுக்கிரகவாசிகளின் ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்று நிற்கிறது. மீனவர் வேடத்தில் வேவு பார்க்கப் போன சப்-இன்ஸ்பெக்டர் அடிபட்டுப் பிடிபடுகிறார். படுக்கையில் வைத்தே அவரை விசாரிக்கிறார்கள். இந்தக் கருவில் சிறுகதை எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். எழுத உட்கார்ந்த கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: 'உண்மை ஊசி' போட்டதும் என் அதிகாரி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். படித்த நண்பர் நம்பவே முடியவில்லை என்கிறார். எந்த மருந்தின் பெயரைப் போட்டால் நம்புவார்? (வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: எந்தப் பெயரைப் போட்டாலும் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. உண்மையை மட்டும் வெளியே கொண்டுவரும் மருந்து கிடையாது. இந்த நம்பிக்கைக்கு வித்திட்டவர் டெக்சாஸைச் சேர்ந்த ராபர்ட் ஹவுஸ் என்ற பிரசவ மருத்துவர். 1916இல் ஒரு வீட்டில் பிரசவம் பார்த்தபோது, குழந்தையை எடை போடும் தராசு எங்கே என்று கணவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. ஸ்கோபோலமைன் மயக்கத்தில் கிடந்த மனைவி, அது சமையலறையில் மாட்டியிருக்கிறது என்று சரியாகச் சொன்னார். மயக்கத்தில் இருப்பவரால் பொய்யைப் புனைய முடியாது என்று ஹவுஸ் முடிவுகட்டி, 1922இல் டல்லாஸ் சிறைக் கைதிகளிடம் அதைச் சோதித்தும் பார்த்தார். ஆனால் அந்தத் தாய்க்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

பிற்பாடு பேர்பெற்றது தயோபென்டோன். 500 மில்லிகிராம் தூளை 20 மில்லி நீரில் கலந்தால் மில்லிக்கு 25 மில்லிகிராம். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை செலுத்துவார்கள். அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் ஆள் தூங்கிவிடுவார். மருந்து மூளையைவிட்டுத் தசைகளுக்குப் பரவுவதால் 5, 10 நிமிடங்களில் விழிப்பும் வந்துவிடும். விசாரிப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே, ஆளை அரைத் தூக்கத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் மூச்சு நின்றுவிடும், கொஞ்சம் குறைந்தால் தெளிந்துவிடுவார். இது கடும் காரத்தன்மை உள்ள மருந்து. ஊசி நரம்பைவிட்டு நழுவினால் அந்த இடத்துச் சதையே அழுகிப்போகும். மனித நரம்பை அதுவரை பார்த்திராத வேற்றுக்கிரக நர்ஸ் முதல் தடவை சரியாகக் குத்திவிட்டதாக எழுதாதீர்கள்.

அரைத் தூக்கத்தில் நாக்கின் கட்டு தளரும், பேச்சு பெருகும். அதில் உண்மை இருக்கும், ஆசையும் கனவும் இருக்கும், கேள்வி கேட்டவர் தன்னை அறியாமல் ஊட்டிய சொற்களும் இருக்கும். "துறைமுகத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டால், துறைமுகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிகாரி இல்லாத ஆட்களைக்கூட எண்ணிச் சொல்வார். விசாரிப்பவர் அதை நம்பி ஏமாறுவதாகக் கதையைத் திருப்பலாம்.

உங்கள் கதைக்கு இன்னும் பொருத்தமானது மிடசோலம் என்ற தூக்க மருந்து. நரம்பில் ஒன்றிரண்டு மில்லிகிராம் போட்டாலே போதும், அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் நினைவில் பதிவதில்லை. நோயாளி விழித்திருப்பார், பதிலும் சொல்வார். பிற்பாடு கேட்டால் ஒன்றும் தெரியாது. மறுநாள் விசாரிப்பவர் வந்து, "நேற்று எல்லாம் சொல்லிவிட்டீர்கள், இன்னும் இரண்டு விவரம்தான் பாக்கி" என்றால், அது பொய்யா மெய்யா என்று அதிகாரியால் சொல்ல முடியாது. உண்மை ஊசியைவிட ஆபத்தான இடம் இது.

கேள்வி: மூடிய கண்ணாடி அறை, 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. காற்றை நிறுத்திவிடுகிறார்கள். எவ்வளவு நேரத்தில் ஆக்சிஜன் தீரும்? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு அவரை மடக்கிவிடும். பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான். உங்கள் அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. படுத்துக் கிடப்பவர் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார் என்று வைத்தால், 56 மணி நேரத்தில், அதாவது இரண்டு நாள் எட்டு மணி நேரத்தில், அது 3 சதவீதத்தை எட்டும். அப்போதும் ஆக்சிஜன் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் தலைவலி தொடங்கியிருக்கும், மூச்சு வேகமாகும், உடம்பு வேர்க்கும். 5 சதவீதத்தை நெருங்கும்போது மூச்சிரைப்பும் குழப்பமும் கூடும். 10 சதவீதத்தில் நினைவு தப்பும்.

விசாரிப்பவர் மனிதரை அறியாதவர் என்றால், வேர்வையையும் மூச்சிரைப்பையும் பொய் சொல்லும் பதற்றம் என்று எடுத்துக்கொள்வார். கெட்ட காற்றால் குழம்பியவர் உளறுவதை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொள்வார். இதை அவசியம் பயன்படுத்துங்கள்.

அறைக்குள் சுத்தமான ஆக்சிஜனை மட்டும் நிரப்பினால் என்ன என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நம் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் தாராளமாக வாழலாம். அப்போலோ விண்கலங்கள் விண்ணில் அப்படித்தான் பறந்தன. முழு அழுத்தத்தில் கொடுத்தால் ஒரு நாளுக்குள்ளேயே நெஞ்சு எரிச்சலும் இருமலும் வரும், நுரையீரல் கெடத் தொடங்கும். ஒரு பொறி பட்டாலும் எல்லாம் பற்றி எரியும். 1967இல் அப்போலோ 1 விண்கலத்தில் தரையிலேயே மூன்று பேர் இறந்தது அதனால்தான்.

கேள்வி: வாயில் வென்டிலேட்டர் குழாயோடு அதிகாரி பதில் சொல்வதாக எழுதலாமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: கூடாது. குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, சத்தமே வராது. கண்ணிமைத்தோ கையை அழுத்தியோ ஆம், இல்லை சொல்லலாம். குழாயை எடுத்த பிறகும் தொண்டை கரகரக்கும்.

கேள்வி: டாக்டரும் விசாரணை அதிகாரியும் மாறி மாறி வருகிறார்கள். இருவர் பேச்சும் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றுகிறது. எப்படி வேறுபடுத்துவது? (வாசகி, வில்லியனூர்)

பதில்: வேறுபடுத்தாமல் விடுவதுதான் இந்தக் கதையின் பலம். தலையில் அடிபட்டவரிடம் எந்த டாக்டரும் முதலில் கேட்பது: உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை? நோயாளியின் நினைவு நிலையை அளக்க 1974இல் வந்த கிளாஸ்கோ கோமா அளவுகோலில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 மதிப்பெண். கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னால் பேச்சுக்கு முழு 5. குழம்பினால் 4. பெயரை மாற்றிச் சொல்ல வேண்டிய ஒற்றருக்கு இங்கேயே சிக்கல் தொடங்குகிறது. தெளிவாகப் பொய் சொன்னால் விசாரணை தொடரும். குழம்பியதுபோல நடித்தால் டாக்டர் கவலைப்பட்டு மண்டையை ஸ்கேன் செய்யச் சொல்வார்.

மயக்கம்போல நடிக்கலாமே என்று தோன்றும். டாக்டர் நோயாளியின் கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேர் மேலே பிடித்து விட்டுவிடுவார். உண்மையில் மயங்கியவரின் கை முகத்திலேயே விழும். நடிப்பவரின் கை எப்படியோ ஒதுங்கிப் பக்கத்தில் விழும். ஒரு பக்கம் முழுக்க இந்த ஒரு கையை மட்டும் எழுதலாம்.

அடுத்து, ஆபரேஷனுக்கு முன் கேட்கும் கேள்வி: கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்? திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி மேலேறி நுரையீரலுக்குள் போய் உயிருக்கே உலை வைக்கும். உங்கள் அதிகாரி பிடிபடுவதற்குச் சற்று முன் கடலூர் ஓ.டி.யில் (முதுநகரில்) ரகசியத் தொடர்பாளர் வீட்டில் இட்லி தின்றிருக்கிறார் என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி என்று உண்மையைச் சொன்னால், கரையில் சுற்றுவட்டத்திலேயே யாரோ சோறு போட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நேற்று ராத்திரி சாப்பிட்டது என்று பொய் சொன்னால் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போகலாம். டாக்டர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் நல்ல எண்ணத்தோடு எழுதிவைக்கும் கேஸ் ஷீட்டை மற்றவர் படித்தால் போதும். நீ எந்தக் காற்றை மூச்சுவிடுவாய், எவ்வளவு சூடு தாங்குவாய், எது உனக்கு ஆகாது என்று டாக்டர் கேட்பதெல்லாம், படையெடுத்து வந்தவருக்குப் பெரிய ராணுவ ரகசியங்கள்.

விசாரணை அதிகாரிக்கு நிஜ முன்மாதிரி வேண்டுமென்றால், இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட விமானிகளைப் பிராங்க்பர்ட் அருகே ஓபருர்ஸலில் விசாரித்த ஜெர்மானியர் ஹான்ஸ் ஷார்ஃபைப் பாருங்கள். அடி உதை இல்லை, அதட்டல்கூட இல்லை. எல்லாம் தெரிந்தவர்போலப் பேசிக்கொண்டே போவார், நடுவில் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்வார். அமெரிக்கத் தோட்டாக்களின் ஒளிக்கோடு வெள்ளையாக மாறுவது ரசாயனத் தட்டுப்பாட்டால்தானே என்றார். இல்லையே, தோட்டா தீரப்போகிறது என்பதற்கான அடையாளம் அது என்று விமானி திருத்தினார். கேள்வியே கேட்காமல் பதில் வந்துவிட்டது.

போர்க்கைதி பெயர், பதவி, பிறந்த தேதி, வரிசை எண் மட்டும் சொன்னால் போதும் என்கிறது 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 17வது பிரிவு. தன்னை அடையாளம் சொல்லும் நிலையில் இல்லாதவரை மருத்துவப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் சீருடை இல்லாமல் வேவு பார்க்கும்போது பிடிபட்ட படைவீரர் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பை இழக்கிறார். வேற்றுக்கிரகவாசிகள் நம் சட்டத்தைப் படித்திருந்தால் அதை வைத்தே வாதாடுவார்கள்.

கேள்வி: தேவனாம்பட்டினம் மீனவர் என்று சொல்லிக்கொள்ளும் சப்-இன்ஸ்பெக்டர் எங்கே மாட்டுவார்? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: முதலில் உடம்பில். ஆஸ்பத்திரியில் துணியைக் கழற்றிவிடுவார்கள். மணலிலும் படகிலும் வெறுங்காலோடு திரிந்தவருக்குப் பாதம் அகன்று விரல்கள் விரிந்திருக்கும், குதிகால் வெடித்திருக்கும். பூட்ஸ் போட்டவருக்கு விரல்கள் நெருங்கி, சுண்டுவிரலின் மேல் காய்ப்பு இருக்கும். கணுக்காலுக்கு மேல் சாக்ஸின் அழுத்தத்தால் முடி உதிர்ந்த வளையம், நெற்றியில் தொப்பி மறைத்த வெளிர் கோடு, இவை சட்டென மறையாது. மீனவரின் ஆள்காட்டி விரல் மடிப்பில் நைலான் கயிறு அறுத்த தழும்புகள் குறுக்காக ஓடும். அவை இல்லாத கை சந்தேகத்தைக் கிளப்பும். இடது தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருவருக்குமே இருக்கலாம் என்பதால் அதில் ஆபத்தில்லை.

அடுத்தது நாள் கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கதை மே மாதத்தில் நடந்தால், விசைப்படகில் வந்தேன் என்ற ஒரே வாக்கியத்தில் அவர் கதை முடிந்துவிடும். ஃபைபர் போட் என்று சொல்லியிருக்க வேண்டும். 2004 சுனாமியும், 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையேறிய தானே புயலும் நடந்தபோது எங்கே இருந்தார் என்பதற்கு யோசிக்காமல் பதில் வர வேண்டும். அந்தக் கரையில் பிறந்தவர் எவரும் அதற்கு யோசிக்க மாட்டார்.

கேள்வி: அதிகாரி தப்பி வந்துவிடுகிறார். என்னென்ன சொல்லிவிட்டார் என்று அறிய நம் போலீசே அவருக்கு நார்கோ சோதனை (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் விசாரிப்பது) செய்வதாக முடிக்கலாமா? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: அவர் சம்மதிக்காமல் முடியாது. நார்கோ, பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளைப் பதிவுச் சோதனைகளை யார்மீதும் கட்டாயமாகச் செய்யக்கூடாது என்று 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதித்தாலும் அதை வக்கீல் உதவியோடு, மாஜிஸ்திரேட் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும். மயக்கத்தில் அவர் சொன்னது சாட்சியமாகாது. அதை வைத்துப் பின்னால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு ஏற்கலாம் என்றும், அது பழைய சாட்சியச் சட்டத்தின் 27வது பிரிவுக்கு உட்பட்டது என்றும் தீர்ப்பு சொல்கிறது. 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ கதை நடந்தால், அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23வது பிரிவு என்று எழுதுங்கள்.