அடுத்தவங்க பணம், நம்ம கையெழுத்து: வாசகர் கேள்வி பதில்

போன தடவை இந்தப் பகுதியில, வாலண்டியர் ப்ராஜெக்ட்களுக்கு கிராண்ட், அதாவது நிதி உதவி, கொடுக்கற போர்டு ஒண்ணுல நான் 6 வருஷம் சம்பளமில்லாம இருந்ததைப் பத்தி ரெண்டு வரி போகிற போக்குல சொல்லியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கல. அதனால இந்த முறை முழுசும் அந்தக் கேள்விகளுக்குத்தான்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 29 வயசு. ஒரு அறக்கட்டளையில என்னை போர்டு மெம்பரா வரச் சொல்றாங்க. வருஷத்துக்கு 4 மீட்டிங், ஒவ்வொண்ணும் 2 மணி நேரம், அவ்வளவுதான் வேலைன்னு சொல்றாங்க. ஆபீஸ் வேலையோட சேர்த்துப் பார்த்துக்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி, ஆனா அந்த 8 மணி நேரக் கணக்கை நம்பிடாதீங்க. மீட்டிங்ல உக்கார்றது சின்ன பங்கு, படிக்கறதுதான் பெரிய வேலை. ஒரு ரவுண்டுக்கு 30 அப்ளிகேஷன் வருதுன்னு வைங்க, ஒண்ணை பட்ஜெட்டோட சேர்த்து ஒழுங்கா படிச்சு மார்க் போட 40 நிமிஷம் ஆகும், ஆக அதுக்கே 20 மணி நேரம், அதுக்கப்புறம் பாதியில வர்ற ரிப்போர்ட், முடிவுல வர்ற கணக்கு, நடுவுல "பட்ஜெட்ல இந்த ஹெட்ல, அதாவது இந்தச் செலவுத் தலைப்புல, மிச்சம் இருக்கு, அந்த ஹெட்டுக்கு மாத்திக்கலாமா"ன்னு வர்ற மெயில் எல்லாம் தனி. ராத்திரி 11 மணிக்கு மேல அரைத் தூக்கத்துல படிச்சு மார்க் போட்டா, யாரோ ஒருத்தர் ரெண்டு மாசம் உழைச்சு எழுதினதுக்கு நாம அநியாயம் பண்றோம்னு அர்த்தம்.

சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சில காகிதம் கேளுங்க. அறக்கட்டளையோட விதிமுறை, கடைசி ரெண்டு வருஷ ஆடிட் கணக்கு, கடைசி மூணு மீட்டிங்கோட மினிட்ஸ் (என்ன பேசி என்ன முடிவெடுத்தாங்கன்னு எழுதி வச்ச பதிவு), அப்புறம் சொந்தக்காரங்க தெரிஞ்சவங்க விஷயத்துல என்ன பண்றதுன்னு எழுதி வச்ச பாலிசி. ஏதாவது கேஸ் வந்தா மெம்பர்களுக்கு இன்ஷூரன்ஸ் கவர் இருக்கான்னும் கேளுங்க, இதைக் கேக்க நிறைய பேர் கூச்சப்படறாங்க, கூச்சமே வேண்டாம், நாம இலவசமா வேலை செய்யறோம்ங்கறதால சட்டப் பொறுப்பு குறைஞ்சிடாது. மினிட்ஸைத் தர யோசிக்கறாங்கன்னா அங்க போகாதீங்க.

கேள்வி: என் சித்தி பொண்ணு இருக்கற குழு எங்க போர்டுக்கு அப்ளை பண்ணியிருக்கு. உண்மையிலேயே நல்ல ப்ராஜெக்ட். நான் ஓட்டு மட்டும் போடாம இருந்தா போதும்தானே?

பதில்: போதாதுங்க. நீங்க வாயே திறக்காம உக்காந்திருந்தாலும், உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே மத்தவங்க எப்படி "இது வேண்டாம்"னு சொல்வாங்க? லிஸ்ட்ல பேரைப் பார்த்த உடனேயே, படிக்கறதுக்கு முன்னாடியே, தலைவருக்கும் செக்ரட்டரிக்கும் எழுத்துல சொல்லிடுங்க. அந்த அப்ளிகேஷன் உங்களுக்கு வரவே கூடாது, மார்க்கும் நீங்க போடக் கூடாது, அதைப் பேசும்போது ரூமை விட்டு வெளிய போயிடணும், வெளிய போன நேரமும் திரும்பி வந்த நேரமும் மினிட்ஸ்ல ஏறணும். நீங்க எழுந்து போனப்புறம் கோரம், அதாவது முடிவெடுக்கக் குறைஞ்சது இத்தனை பேர் இருக்கணும்ங்கற எண்ணிக்கை, இருக்கான்னு செக்ரட்டரியைப் பார்த்துக்கச் சொல்லுங்க, 5 பேர்ல 3 பேர் கோரம்னு வச்சு அன்னைக்கு மூணு பேர்தான் வந்திருந்தாங்கன்னா நீங்க வெளிய போன நிமிஷமே அந்த முடிவு செல்லாம போயிடலாம்.

இன்னொண்ணு, அந்தக் குழு மட்டும் இல்ல, அதே பணத்துக்கு போட்டி போடற மத்த குழுக்கள் விஷயத்துலயும் மார்க் போடற உங்க கை லேசா இறங்கிடும், தெரிஞ்சே நடக்கணும்னு இல்ல, அந்த வகை ப்ராஜெக்ட் மொத்தத்துலேர்ந்தும் அந்த ரவுண்டுக்கு மட்டும் விலகிக்கறது நல்லது. உள்ள என்ன பேசினாங்கன்னு சித்தி பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, கிடைச்சாலும் சரி கிடைக்கலைன்னாலும் சரி. குடும்பத்துல ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வச்சுப்பாங்க, அதைத் தாங்கிக்கத்தான் வேணும்.

கேள்வி: நான் ஒரு போர்டுல ட்ரெஷரர். வர்ற அப்ளிகேஷன்ல பாதிக்கு மேல "கோ-ஆர்டினேட்டர் சம்பளம்"னு ஒரு தொகை போட்டிருக்காங்க. வாலண்டியர்னா இலவசம்தானே, நாங்களே இலவசமாத்தானே வேலை செய்யறோம், அப்புறம் சம்பளம் எதுக்கு? அதை வெட்டிட்டு நேரா களத்துக்குப் பணம் கொடுத்தா என்ன தப்பு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த முறை முழுப் பக்கத்தையும் எடுத்துக்கிட்டேன். தப்புங்க, நானே பண்ணின தப்பு. எங்க போர்டுல என்னோட முதல் வருஷம், முதியவங்க வீட்டுக்குப் போய் பேசிட்டு வர்ற ஒரு ப்ராஜெக்ட் வந்துச்சு, அதுல பார்ட் டைம் கோ-ஆர்டினேட்டருக்குன்னு கேட்ட தொகையை நாங்க எடுத்துட்டோம், எல்லாரும் சந்தோஷமா கை தூக்கினோம், நானும்தான். 40 பேர் பேர் கொடுத்தாங்க, மூணாவது மாசம் 9 பேர் வந்தாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. யார் எந்த வீட்டுக்குப் போறதுன்னு சொல்ல ஆள் இல்ல, போனவங்க ஒரு கஷ்டமான விஷயத்தைப் பார்த்துட்டு வந்தா அதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, ஒருத்தர் வராட்டி மாத்து ஆள் அனுப்ப யாரும் இல்ல. அங்க பாதிக்கப்பட்டது வாலண்டியர் மட்டும் இல்ல, வாரா வாரம் கதவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த அந்தப் பெரியவங்க. அது இன்னும் என் மனசுல இருக்கு.

வாலண்டியரோட நேரத்துக்குத்தான் கூலி கிடையாது. அந்த நேரம் உருப்படியா போய்ச் சேர்றதுக்கு செலவு உண்டு: ஆளைத் தேடறது, பின்னணி விசாரிக்கறது, பயிற்சி, இன்ஷூரன்ஸ், பஸ் காசு, எல்லாத்தையும் பிடிச்சு வைக்க ஒரு ஆள். பட்ஜெட்ல இந்த செலவே இல்லைன்னா நான் சந்தோஷப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன். குழந்தைகளோட பழகற ப்ராஜெக்ட்னா இன்னும் கறாரா இருப்பேன், யார் விசாரிப்பாங்க, புகார் வந்தா யார்கிட்ட போகும், எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோட தனியா இருக்காதபடி என்ன ஏற்பாடு, இதுக்கெல்லாம் அப்ளிகேஷன்லயே பதில் இல்லைன்னா ப்ராஜெக்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் பணம் கிடையாது.

பஸ் காசைப் பத்தி ஒரு விஷயம். ரசீது பார்த்து ஆன செலவை மட்டும் திருப்பிக் கொடுக்கறது வேற, எல்லாருக்கும் ஒரே தொகைன்னு மாசா மாசம் கொடுக்கறது வேற. ரெண்டாவது மெல்ல மெல்ல சம்பளம் மாதிரி ஆயிடும், வரி, தொழிலாளர் சட்டம்னு சிக்கல் வரலாம். அதே நேரம் ரசீது கொடுத்து ரெண்டு மாசம் கழிச்சு காசு வரும்னா, கையில காசு இல்லாதவங்க வாலண்டியராவே வர முடியாது, வசதியானவங்க மட்டும்தான் வருவாங்க. வாராவாரம் செட்டில் பண்ண சின்னதா ஒரு கைச்செலவுப் பணம் வச்சிருக்காங்களான்னு கேளுங்க.

கேள்வி: அப்ளை பண்றவங்க "எங்க பங்கு"ன்னு வாலண்டியர் நேரத்தைப் பணமா கணக்குப் போட்டுக் காட்டறாங்க. ஒரு குழு, சுவருக்குப் பெயின்ட் அடிக்க வர்ற டாக்டர்களோட ஒரு மணி நேர ஃபீஸை வச்சு கணக்குப் போட்டிருக்கு. ஒத்துக்கலாமா?

பதில்: ஒத்துக்காதீங்க. பெயின்ட் அடிக்கற வேலைக்கு பெயின்டர் கூலிதான் கணக்கு, அடிக்கறவர் யாரா இருந்தாலும் சரி. அந்த வேலையைக் காசு கொடுத்து செய்ய வச்சா என்ன ஆகும்ங்கறதுதான் அளவு, சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011ல வாலண்டியர் வேலையை அளக்கறதுக்குன்னு போட்ட கையேடும் இந்த முறையைத்தான் சொல்லுது. அதே டாக்டர் மருத்துவ முகாம்ல நோயாளிகளைப் பார்த்தா அப்ப டாக்டர் கணக்கு சரி.

கேள்வி: கட்டாயமா 50 மணி நேரம் சேவை பண்ணினாத்தான் சர்டிஃபிகேட்னு ஒரு காலேஜ் மாணவர்களை அனுப்புது. அது வாலண்டியர் ப்ராஜெக்ட் ஆகுமா?

பதில்: ஆகாது. 2013ல தொழிலாளர் புள்ளியியல் வல்லுநர்களோட சர்வதேச மாநாடு கொடுத்த விளக்கத்துல சம்பளம் இல்லாதது, கட்டாயம் இல்லாதது, அடுத்தவங்களுக்காக செய்யறதுன்னு மூணும் இருக்கணும். இங்க நடுவுல இருக்கறது அடிபட்டுப் போச்சு. நல்ல வேலையா இருக்கலாம், உங்க நிதி எதுக்குன்னு எழுதியிருக்கோ அதுக்கு இது பொருந்தாது.

கேள்வி: எங்க போர்டுல 5 பேர். ஒருத்தர் எல்லாத்துக்கும் 9 போடறார், நான் 6க்கு மேல போடறதே இல்ல. சராசரி எடுத்தா சரியா வருமா?

பதில்: எல்லாரும் எல்லா அப்ளிகேஷனையும் படிச்சிருந்தா ஓரளவு சரியா வரும், ஏன்னா உங்க கறாரும் அவரோட தாராளமும் எல்லாருக்கும் சமமாத்தான் விழும். ஆனா ஒண்ணு, எல்லாத்துக்கும் 9ன்னா அவர் வரிசையே போடலைன்னு அர்த்தம், 3லேர்ந்து 9 வரைக்கும் பரப்பி மார்க் போடறவரோட கருத்துதான் லிஸ்ட்டை மேலயும் கீழயும் தள்ளும். வேலையைப் பிரிச்சு ஆளுக்கு 12ன்னு படிச்சா அங்கதான் பெரிய ஆபத்து, உங்க கையில விழுந்த குழு தோத்துடும், அவர் கையில விழுந்தது ஜெயிச்சிடும், ப்ராஜெக்ட் நல்லதா கெட்டதாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால முதல்ல மூணு பழைய அப்ளிகேஷனை எடுத்து எல்லாரும் சேர்ந்து மார்க் போட்டுப் பாருங்க, "9ன்னா என்ன, 5ன்னா என்ன"ன்னு ஒரு பேச்சு ஓடட்டும். அப்புறம் தனித்தனியா மார்க் போட்டு, மீட்டிங்குக்கு முன்னாடியே அனுப்பிடணும். இல்லைன்னா முதல்ல பேசறவர் சொன்னதையே மத்தவங்களும் திருப்பிச் சொல்லுவாங்க, அதுலயும் அவர் வயசுல பெரியவரா இருந்துட்டா கேக்கவே வேண்டாம். ஒரே அப்ளிகேஷனுக்கு ஒருத்தர் 3, ஒருத்தர் 9 போட்டிருக்காங்களா, மீட்டிங் நேரத்தை அதுக்குக் கொடுங்க, எல்லாரும் 7 போட்டதைப் பத்தி அரை மணி நேரம் பேசறது வீண்.

கேள்வி: பதிவு பண்ணாத சின்னக் குழுக்களை எங்க விதி வாசல்லயே நிறுத்திடுது. ஆனா நல்ல வேலை செய்யறது அவங்கதான்னு எனக்குத் தோணுது.

பதில்: உங்களுக்குத் தோணறது சரிதான். ஐ.நா. வாலண்டியர்ஸ் அமைப்பு 2018ல வெளியிட்ட அறிக்கையில உலகத்துல நடக்கற வாலண்டியர் வேலையில ஏறக்குறைய 70 சதவீதம் எந்த அமைப்பு வழியாவும் இல்லாம ஆளுக்கு ஆள் நேரா செய்யறதுன்னு கணக்கு சொல்லியிருந்தாங்க. நம்ம ஃபார்ம் மீதி 30ஐ மட்டும் பார்த்துக்கிட்டிருக்கு. ஒரு வழி இருக்கு, பதிவு பெற்ற ஒரு அமைப்பு பணத்தை வாங்கி கணக்கு வச்சுக்கும், வேலையை சின்னக் குழு செய்யும், மூணு தரப்பும் கையெழுத்து போடற ஒப்பந்தம். சின்னத் தொகைக்கு 2 பக்க ஃபார்ம் போதும், சின்னக் கிராண்டுக்கும் பெரிய கிராண்டுக்கும் ஒரே 25 பக்கம் கேக்கறது, நல்லா எழுதத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பணம் கொடுக்கற வேலை.

கேள்வி: ட்ரெயினிங்குக்குக் கொடுத்த பணத்துல ஒரு குழு கம்ப்யூட்டர் வாங்கிட்டாங்க. நல்ல பசங்க அக்கா, திருட்டு எண்ணம் இல்ல. ரிப்போர்ட்டை அப்படியே ஏத்துக்கலாம்னு தலைவர் சொல்றார்.

பதில்: நல்ல பசங்கன்னாலும் ஏத்துக்கக் கூடாது. ஒரு காரியத்துக்குன்னு கொடுத்த பணம் அந்தக் காரியத்துக்குத்தான், அதை மாத்த அவங்களுக்கும் உரிமை இல்ல, நம்ம தலைவருக்கு தனியா உரிமை இல்ல, அந்தப் பணம் நமக்கும் வேற யாரோ நம்பிக் கொடுத்தது. ஆனா உடனே சண்டைக்குப் போகாதீங்க. முதல்ல போன் பண்ணி என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, பயந்து போய்த்தான் பாதி பேர் சொல்லாம விட்டிருப்பாங்க. அப்புறம் எழுத்துல விளக்கம் வாங்கி, போர்டு முழுசும் உக்காந்து முடிவெடுக்கணும்: கம்ப்யூட்டர் அந்தப் பயிற்சிக்கே பயன்பட்டிருந்தா மாற்றத்துக்கு அனுமதி கொடுக்கலாம், இல்லைன்னா அந்தத் தொகையைத் திருப்பிக் கேக்கலாம், இல்ல அடுத்த தவணையில கழிக்கலாம். எதுவானாலும் மினிட்ஸ்ல இருக்கணும். பணம் கொடுத்தவங்களுக்குக் கணக்கு அனுப்பும்போதும் மறைக்காம சொல்லிடுங்க. இனிமே கொடுக்கற ஒப்பந்தத்துல, 10 சதவீதத்துக்கு மேல ஹெட் மாத்தணும்னா முன்கூட்டியே கேளுங்கன்னு ஒரு வரி சேர்த்துடுங்க, கேட்டா 7 நாள்ல பதில் வரும்னு நீங்களும் எழுதிக் கொடுங்க. பதில் வர ரெண்டு மாசம் ஆனா யாரும் கேக்க மாட்டாங்க, அவங்களே செலவு பண்ணிடுவாங்க.

கேள்வி: மூணு வருஷ பதவியில ரெண்டு வருஷம் முடிஞ்சுது. அம்மாவுக்கு உடம்பு முடியல, என்னால படிக்க முடியல, விலகவும் குற்ற உணர்ச்சியா இருக்கு.

பதில்: விலகிடுங்கம்மா. படிக்காம மார்க் போடற மெம்பரை விட காலியா இருக்கற நாற்காலி நல்லது, அதுல வேற ஒருத்தர் வந்து உக்காரலாம். இந்த ரவுண்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தேதி போட்டு கடிதம் கொடுங்க, பேங்க் கையெழுத்துல உங்க பேர் இருந்தா எடுக்கச் சொல்லுங்க, நீங்க பார்த்துக்கிட்டிருந்த குழுக்களோட போன் நம்பர், பாதியில நிக்கற ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதி அடுத்தவர் கையில கொடுத்துடுங்க. அந்தக் குழுக்களுக்கும் ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டுப் போங்க.