கீழக்கரை டாட்சன்: விலை பேசும் முன் அடிப்பாகம்

ஐயா, கீழக்கரையில் விலைக்கு வந்திருக்கும் 1982 டாட்சன் 280 இசட்எக்ஸ் என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் புதிதுபோல் மின்னுகிறது, என்ன விலை தகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடலோர ஊரின் உப்புக்காற்று முதலில் அடிப்பாகத்தைத்தான் தின்னும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, தரைத்தகட்டின் கீழ்ச்சட்டங்கள், பேட்டரித் தட்டு, பின்சக்கர வளைவுகள் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி (ஓட்டையை மறைக்கும் நிரப்புப் பசை) பூசியிருப்பார்கள், உள்ளே துருதான்.

2.8 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின் உறுதியானது, பழுதானாலும் மீட்கலாம். அரித்த உடலை மீட்பதுதான் பெருஞ்செலவு.

என்ஜின் அறையின் பின்சுவரில் பொறித்த சேசிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு பொருந்துகிறதா? இறக்குமதி வண்டி, சுங்கவரி ரசீதையும் கேளுங்கள். அந்த ரசீது இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.