பிக் ஹீரோ 6: நான்கு வயதுப் பையனுக்குப் போடலாமா?

கேள்வி: மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. லீவில் இருவரையும் உட்காரவைத்து 'பிக் ஹீரோ 6' போடலாம் என்று இருக்கிறேன். சின்னவனுக்கு ஒத்துவருமா? பொதுவாக இந்த மாதிரி சூப்பர்ஹீரோ அனிமேஷன் படங்களை எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

பெரியவளுக்குத் தாராளமாகப் போடலாம். சின்னவனுக்கு இந்தப் படம் இன்னும் ஒன்றிரண்டு வருடம் பொறுக்கட்டும் என்பேன். அக்கா பார்க்கும்போது அவனை மட்டும் எழுப்பி அனுப்ப முடியாது என்றால், முதல் நாள் இரவே நீங்கள் தனியாக முழுப் படத்தையும் பார்த்துவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதைதான் காரணம்.

எங்கள் வீடு கடலூரில், தென்பெண்ணைக் கரையை ஒட்டி இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து ஆறு பெருக்கெடுத்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போது பாப்பாவுக்கு நாலரை வயது. அவள் மாமா தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். ஆயாவை அடுத்த நடைக்குத்தான் அழைத்துவர முடிந்தது. அந்த அரைமணி நேரம் பாப்பா வாயே திறக்கவில்லை.

அடுத்த மே மாத லீவில் இதே படத்தைப் போட்டேன். 2014இல் வந்த டிஸ்னி படம், ஆஸ்கர் வாங்கியது, பேமேக்ஸ் என்று பஞ்சுமூட்டை மாதிரி ஒரு வெள்ளை ரோபோ வரும் என்று நாலு பேர் சொன்னதை நம்பிப் போட்டேன். நான் முன்கூட்டியே பார்க்கவில்லை. பாப்பாவும் ஒன்பது வயது அண்ணனும் ஆளுக்கொரு கிண்ணத்தில் முறுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முகமூடிக்காரன் துரத்தும்போது பாப்பா சிரித்தாள். துரத்தல் முடிவில் ஹீரோவும் நண்பர்களும் வந்த வண்டி தண்ணீருக்குள் விழுகிறது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. பாப்பாவின் வாய் அப்படியே நின்றது. பாதி முறுக்கு கையில் இருந்தது. இன்னொரு கையால் என் நைட்டி ஓரத்தைப் பிடித்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள், நுனி வெளுக்கும்வரை சுற்றினாள். ரோபோ எல்லோரையும் தூக்கிக்கொண்டு மேலே மிதந்து வந்தாயிற்று, காட்சியும் மாறியாயிற்று. அதற்கு அப்புறம்தான் கேட்டாள்: "எல்லாரும் வந்துட்டாங்களாம்மா? ஆயா?"

ஆயா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எந்தத் தணிக்கை அதிகாரிக்கும் இது தெரிய வழியில்லை. சான்றிதழ் படத்தைப் பற்றிச் சொல்கிறது. என் பிள்ளை அந்த வெள்ளத்தில் எதைப் பார்த்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். தீ விபத்தைப் பார்த்த பிள்ளைக்குத் தீ, அண்மையில் வீட்டில் ஒரு சாவு கண்ட பிள்ளைக்குச் சாவு. இந்தப் படத்தில் இரண்டுமே இருக்கின்றன. ஹீரோவுக்கு ஏற்கெனவே அப்பா அம்மா இல்லை. தொடக்கப் பகுதியிலேயே அண்ணனும் தீயில் இறந்துபோகிறான். அதனால் படத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், உங்கள் பையன் இந்த ஒரு வருடத்தில் எதற்கெல்லாம் பயந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது நான் எதிர்பார்க்கவே இல்லை. பின்பாதியில் ஹீரோ கோபத்தில் அந்த ரோபோவிடமிருந்து மருத்துவச் சிப்பை உருவிவிடுகிறான். சண்டைச் சிப் மட்டும் மிஞ்சுகிறது. அதுவரை கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்ன பேமேக்ஸின் கண்கள் சிவப்பாகின்றன, தடுக்கவந்த நண்பர்களையே தள்ளிவிட்டுப் போகிறது. பாப்பா எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். வில்லனிடம் வராத பயம் பேமேக்ஸிடம் வந்தது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சியில் ஹல்க் தொடர் பிரபலமாக இருந்த காலத்தை ஒட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு அதில் எது பயம் தருகிறது என்று தன் சகாவோடு ஆராய்ந்திருக்கிறார். ஹல்க் நல்லவன், காப்பாற்ற வருகிறவன். ஆனாலும் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள், சாதாரண மனிதன் ஹல்க்காக உருமாறும் இடத்தில்தான் மிகவும் பயந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அந்த அளவு பயம் இல்லை. அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மை. முகம் மாறினால் ஆளே மாறிவிட்டான் என்று அர்த்தம். "உள்ளுக்குள் அவன் நல்லவன்தான்" என்று நாம் சொல்வது அவர்களுக்கு எட்டாது. உங்கள் சின்னவன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். சூப்பர்ஹீரோ கதை என்றாலே உருமாற்றம்தானே.

என் மகனுக்கு அந்தச் சிவப்புக் கண் ஒன்றுமே செய்யவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "அந்த அண்ணன் எதுக்கும்மா உள்ள போனான், தம்பி தனியா நிக்கிறான்ல" என்று கேட்டான். வாத்தியாரைக் காப்பாற்றப் போனான் என்றேன். அன்றைக்கு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எட்டு வயதுக்கு மேல் இந்த மாதிரிக் கேள்விகள் வரும். அந்தப் பேச்சுக்காகவே பெரியவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டலாம். உங்கள் மகளும் கேட்பாள், நேரம் ஒதுக்கி வையுங்கள்.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பு யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே பெட்டிதான். 2023இல் சட்டத்தைத் திருத்தி 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். 7+ என்று இருந்தால், அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் யோசித்து முடிவெடுங்கள் என்று பொருள். உங்கள் பையனுக்கு அது நல்ல முதல் வடிகட்டி. ஆனால் இணையத்தில் பார்க்கும் அமெரிக்க பிஜி (பெற்றோர் வழிகாட்டல் தேவை) முத்திரையை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது. 102 நிமிடம் ஓடும் இந்தப் படமும் பிஜி, 140 நிமிடம் ஓடும் 2023 ஸ்பைடர்மேன் அனிமேஷன் படமும் பிஜி. அந்த ஸ்பைடர்மேன் தமிழிலும் வந்தது. அதில் கதையே பாதியில் நிற்கும். நாலு வயதுப் பிள்ளையை இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்து, கடைசியில் "மீதி அடுத்த படத்தில்" என்றால் அழாமல் என்ன செய்யும்?

வெளிச்சத்தையும் கவனியுங்கள். 2018இல் வந்த இன்க்ரெடிபிள்ஸ் இரண்டாம் படத்தில் விளக்கு வெட்டி வெட்டி மின்னும் காட்சிகள் இருந்ததால், தியேட்டர்களில் எச்சரிக்கை வைக்கும்படி டிஸ்னியே கேட்டுக்கொண்டது. 1997இல் ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு பகுதியில் வந்த சிவப்பு நீல மின்னலைப் பார்த்து 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்திருந்தால் இதை முதலில் பாருங்கள். மற்றவர்களும் டிவி அறையில் விளக்கைப் போட்டே வையுங்கள்.

முதல் தடவை தியேட்டர் வேண்டாம். புதுச்சேரியில் ஒரு தியேட்டருக்குக் குழந்தைகள் படம் என்று அழைத்துப் போனேன். படத்துக்கு முன்னால் போட்ட வேறொரு படத்தின் டிரெய்லரில் வெட்டுக்குத்து. காதைப் பொத்துவதா கண்ணை மூடுவதா என்று தவித்துப்போனேன். வீட்டில் என்றால் ரிமோட் நம் கையில். பயந்தால் நிறுத்தலாம், நாளைக்குப் பார்க்கலாம். "பயமா இருந்தா எழுந்து போலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று முன்பே சொல்லிவையுங்கள். அக்கா கிண்டல் செய்யக் கூடாது என்று அவளிடமும் சொல்லிவையுங்கள். தமிழ் டப்பிங் கிடைத்தால் அதையே போடுங்கள். பேசுவது புரியாவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது அடியும் வெடியும்தான்.

இன்னொன்று, படம் முடிந்த ஒரு வாரம் மொட்டைமாடிக் கதவைப் பூட்டியே வையுங்கள். கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தால் பரவாயில்லை. கைப்பிடிச் சுவரில் ஏறக் கூடாது. சக்திமான் காலத்திலேயே இந்தக் கவலை இருந்தது, இப்போதும் மாறவில்லை.

இப்போது பாப்பாவுக்கு ஆறு வயது ஆகிறது. போன மாதம் அவளே கேட்டு மறுபடி போட்டோம். பேமேக்ஸ் முஷ்டி இடித்துவிட்டு "பலலலா" என்று விரலை ஆட்டும் இடத்தில் தானும் ஆட்டினாள். வண்டி தண்ணீரில் விழப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து போனாள். பக்கத்து அறையிலிருந்து ஆயாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "ம், இப்ப ஓடட்டும்" என்றாள்.